ஹங்கேரியின் நூமெரஸ் கிளாசஸ் சட்டமும் கல்வி அமைச்சர் கிளெபெல்ஸ்பெர்கும்

கேள்வி: ஹங்கேரியில் யூத மாணவர்களைப் பல்கலைக்கழகத்தில் சேரவிடாமல் தடுத்த சட்டத்தைக் கொண்டுவந்தவர் கல்வி அமைச்சர் குனோ கிளெபெல்ஸ்பெர்க் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் அவர் ஆயிரக்கணக்கில் கிராமப் பள்ளிகளைக் கட்டிய மாமனிதர் என்கிறார்கள். சட்டத்தில் ‘யூதர்’ என்ற சொல்லே கிடையாதாமே? 2015இல் சிலை வைக்கப்போய்ச் சர்ச்சையானதும் இவருக்குத்தானா?

பதில்:

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் படித்ததில் மூன்று அமைச்சர்கள் ஒருவராகக் கலந்திருக்கிறார்கள். 1920இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் இஷ்த்வான் ஹல்லர். 1922 முதல் 1931 வரை அதே பதவியில் இருந்து சட்டத்தை நடத்தியவர், ஜெனீவாவில் அதற்காக வாதாடியவர், 1928இல் அதைத் திருத்தியவர் கிளெபெல்ஸ்பெர்க். 1932இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் பாலின்ட் ஹோமன். சிலைச் சர்ச்சை ஹோமனுடையது.

ஆகவே சட்டத்தைக் கொண்டுவந்தவர் கிளெபெல்ஸ்பெர்க் இல்லை. அதனால் அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு அநியாயச் சட்டத்தை ஆத்திரத்தில் போடுகிறவர் ஒருவர். ஆத்திரம் அடங்கிய பிறகும் அதை ஒன்பது ஆண்டுகள் ஒழுங்காக நடத்திக்கொண்டு போகிறவர் இன்னொருவர். என்னைக் கேட்டால் இரண்டாமவரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

1920ஆம் ஆண்டு ஹங்கேரி எப்படி இருந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் தோல்வி. 1919இல் பெலா குன் தலைமையில் சில மாதங்களே நீடித்த கம்யூனிஸ்ட் ஆட்சி. அந்த ஆட்சித் தலைவர்களில் யூதப் பின்னணி கொண்டவர்கள் பலர் இருந்ததால் பழி மொத்தமும் யூதர்கள் மேல் விழுந்தது. அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படைகள் நடத்திய, வெள்ளைப் பயங்கரம் என்று அழைக்கப்படும் கொலைகள் நடந்தன. 1920 ஜூனில் கையெழுத்தான டிரியனான் ஒப்பந்தம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அண்டை நாடுகளுக்குக் கொடுத்தது. பறிபோன பகுதிகளிலிருந்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அதிகாரிகளின் குடும்பங்களும் அகதிகளாக புடாபெஸ்டுக்கு வந்து ரயில் பெட்டிகளில் குடியிருந்தார்கள். கொலோஷ்வார், போஷோன் நகரங்களின் பல்கலைக்கழகங்களும் இடம்பெயர்ந்தன. முன்னது செகெட் நகரிலும் பின்னது பேச் நகரிலும் பிறகு நிலைகொண்டன. படித்த நடுத்தர வர்க்கத்தில் சுருங்கிய நாட்டின் அளவைவிட அதிகமான ஆட்கள், வேலை குறைவு. இந்த நெருக்கடி உண்மையானது, அதை மறுக்க வேண்டியதில்லை. கேள்வி, அதன் சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான்.

யூதர்கள் 1920இல் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 6 விழுக்காடு, ஏறத்தாழ 4,73,000 பேர். ஆனால் வழக்கறிஞர்களிலும் மருத்துவர்களிலும் அவர்கள் பாதியளவு இருந்தார்கள். போருக்கு முன் பல்கலைக்கழக மாணவர்களிலும் கால் பங்குக்கு மேல். இதற்குப் பின்னால் சதி எதுவும் இல்லை. நிலவுடைமையும் அரசுப் பதவிகளும் பிரபு, சிறுபிரபுக் குடும்பங்களின் கையில் இருந்தன. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தொழில், வணிகம், மருத்துவம், சட்டம் என்று போனார்கள். 1867இல் யூதர்களுக்குச் சம உரிமை கொடுத்த பிறகு அரை நூற்றாண்டு நாடே அதை வரவேற்றது. ஹங்கேரிய மொழி பேசி, ஹங்கேரியர் என்று தங்களைப் பதிவு செய்துகொண்ட யூதர்கள் பல்லின நாட்டில் ஹங்கேரியரின் கணக்கைக் கூட்டினார்கள் அல்லவா? டிரியனானுக்குப் பிறகு மற்ற இனத்தவர் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே போய்விட்டதால் அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம், செப்டம்பரில் நிறைவேறியது. பிரதமர் பால் டெலெகி. உலகம் அதை நூமெரஸ் கிளாசஸ், அதாவது எண்ணிக்கை வரம்புச் சட்டம், என்று அறியும். ஹல்லர் கொண்டுவந்த மூல மசோதா மொத்த மாணவர் எண்ணிக்கையை மட்டும் கட்டுப்படுத்துவதாகவே இருந்தது. இன விகிதம் விவாதத்தின்போது சேர்க்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர் ஒட்டோகார் ப்ரோஹாஸ்கா போன்றவர்கள் அதற்காகக் கடுமையாகப் பேசினார்கள். மருத்துவப் பேராசிரியர்கள் பலரும் வலதுசாரி மாணவர் அமைப்புகளும் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தார்கள். ஹல்லரும் ஏற்றுக்கொண்டார், பின்னாளில் சட்டத்தை வெளிப்படையாக ஆதரித்து எழுதவும் செய்தார்.

நீங்கள் கேள்விப்பட்டது சரி, சட்டத்தின் உடலில் ‘யூதர்’ என்ற சொல் கிடையாது. மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், சேர்க்கப்படும் மாணவர்கள் தேசத்துக்கு விசுவாசமானவர்களாகவும் ஒழுக்கத்தில் நம்பத்தக்கவர்களாகவும் இருக்க வேண்டும். அறிவுத்திறனைப் பார்க்க வேண்டும். அதோடு, நாட்டில் வாழும் ஒவ்வொரு இனத்தையும் தேசிய இனத்தையும் சேர்ந்த மாணவர்களின் பங்கு, கூடுமானவரை மக்கள்தொகையில் அந்த இனத்துக்குள்ள விகிதத்தை எட்ட வேண்டும், குறைந்தபட்சம் அதில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘எட்ட வேண்டும்’, ‘குறைந்தபட்சம்’. படிக்கிறவருக்கு இது பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடும் ஏற்பாடாகத் தெரியும். யாருக்கும் உச்சவரம்பு விதிப்பதாக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வரம்பை உண்டாக்கியது, பிறகு அமைச்சகம் வெளியிட்ட நடைமுறை ஆணை. யூதர்களைத் தனி தேசிய இனமாகக் கருத வேண்டும் என்று சொன்னது அந்த ஆணைதான். ஹங்கேரியின் சொந்தச் சட்டப்படியே அது தவறு. 1895இல் இயற்றிய சட்டம் யூத சமயத்தை, மற்ற கிறித்தவப் பிரிவுகளைப் போலவே, அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு சமயமாக ஏற்றிருந்தது. சமயமாக இருந்தவர்கள் ஒரே ஆணையில் இனமாகிவிட்டார்கள். நாடாளுமன்றம் சொல்லத் தயங்கியதை அமைச்சகத்தின் தாள் சொன்னது.

ஆணையின் அட்டவணையில் ஜெர்மானியர், ஸ்லோவாக்கியர் போன்ற மற்ற தேசிய இனங்களும் உண்டு. ஆனால் ஜெர்மன் பேசும் ஒருவரை ‘உன் இனத்தின் கணக்கு நிரம்பிவிட்டது’ என்று திருப்பி அனுப்புவது நோக்கமாகவே இருக்கவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்தச் சட்டம் என்று மேடைகளில் பேசினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளிலும் உழவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் மிகச் சிறிய பங்காகவே இருந்தார்கள். விகிதாசாரம் நியாயமா இல்லையா என்று பொதுவாக விவாதிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே கீழே இருப்பவரை மேலே ஏற்றும் ஏற்பாடு என்றால் ஏறியவர்களைக் காட்ட முடிய வேண்டும். இங்கே காட்ட முடிந்ததெல்லாம் வெளியே நின்றவர்களைத்தான். யூத மாணவர்களின் பங்கு சில ஆண்டுகளில் 10 விழுக்காட்டுக்கும் கீழே போனது.

நடைமுறையில் முடிவெடுத்தவர்கள் ஒவ்வொரு புலத்தின் பேராசிரியர்கள். அதனால் இடத்துக்கு இடம் மாறியது. புடாபெஸ்ட் மருத்துவப் புலம் மிகக் கண்டிப்பாக இருந்தது. மதம் மாறிய குடும்பத்துப் பிள்ளைகளையும் யூதர் கணக்கில் வைத்தது. செகெட், பேச் நகரங்களின் புதிய பல்கலைக்கழகங்களுக்கோ மாணவர்கள் போதவில்லை. அங்கே 6 விழுக்காட்டைத் தாண்டிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகங்கள் கிளெபெல்ஸ்பெர்க்கின் செல்லப்பிள்ளைகள், அவரும் கண்டுகொள்ளவில்லை. இதை அவருடைய தாராள மனசுக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. வகுப்பறை நிரம்ப வேண்டிய இடத்தில் விதி தளர்ந்தது, அவ்வளவுதான்.

உள்ளே சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி கிடையாது. டுருல் என்ற மாணவர் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் வாசலில் நின்று யூத மாணவர்களை அடையாளம் பார்த்து அடித்தார்கள். பல்கலைக்கழகத் தன்னாட்சியைக் காரணம் காட்டிக் காவல்துறை பெரும்பாலும் வெளியே நின்றது.

வெளியேறியவர்கள் வியன்னா, பிராக், ப்ர்னோ, பெர்லின், இத்தாலிய நகரங்கள் என்று சிதறினார்கள். புடாபெஸ்ட் யூத சமூகம் நிதி திரட்டி அவர்களுக்கு அனுப்பியது. இங்கே ஒரு எச்சரிக்கை. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அறிவியலாளர்களான லியோ சிலார்ட், யூஜின் விக்னர், எட்வர்ட் டெல்லர், ஜான் வான் நாய்மன் எல்லாரையும் இந்தச் சட்டம் துரத்தியது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். காலக்கணக்கு அப்படி நேராகப் பொருந்தாது. சிலார்ட் கால்வினியத் திருச்சபையில் சேர்ந்த பிறகும் கல்லூரிப் படிக்கட்டில் மாணவர்களிடம் அடி வாங்கி, 1919 கடைசியில், சட்டம் வருவதற்கு முன்பே, பெர்லினுக்குப் போய்விட்டார். வான் நாய்மனுக்கு புடாபெஸ்டில் இடம் கிடைத்தது. பெயரை அங்கே பதிந்துவிட்டு பெர்லினிலும் சூரிச்சிலும் படித்தார். அவர்களை வெளியே தள்ளியதில் சட்டத்துக்குப் பங்குண்டு, ஆனால் அந்தச் சட்டத்தை உண்டாக்கிய சூழலுக்கு இன்னும் பெரிய பங்கு.

பால் எர்டோஷ் கதை வேறு. நம்மூர்க் கணித மாணவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சென்னைக்கு வந்திருக்கிறார், இந்தியாவில் ஆற்றிய உரைகளுக்குக் கிடைத்த பணத்தை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்குக் கொடுத்தவர். 1930இல் அவருக்கு புடாபெஸ்டில் இடம் கிடைத்ததற்குக் காரணம், தேசியப் போட்டித் தேர்வில் வென்றிருந்தார். அதாவது ஒரு யூதப் பையன் உள்ளே வர எர்டோஷ் அளவுக்கு இருக்க வேண்டியிருந்தது. கவிஞர் மிக்லோஷ் ராட்னோட்டிக்கு அதே ஆண்டு புடாபெஸ்டில் கதவு மூடியது. செகெட் சேர்த்துக்கொண்டது. 1944இல் கட்டாய உழைப்புப் படையில் நடக்கவைத்து அழைத்துச் சென்ற வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஜெனீவாவில் நடந்ததுதான் கிளெபெல்ஸ்பெர்கைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவியது. டிரியனான் ஒப்பந்தத்திலேயே சிறுபான்மையினர் பாதுகாப்புப் பிரிவுகள் இருந்தன. இன, சமய வேறுபாடின்றிக் குடிமக்கள் எல்லாரும் சமம் என்று ஹங்கேரி கையெழுத்துப் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு லண்டனிலும் பாரிஸிலும் இருந்த யூத அமைப்புகள், லூசியன் வுல்ஃப் போன்றவர்களின் முயற்சியால், 1921 முதலே சர்வதேச சங்கத்தில், அதாவது ஐ.நா.வுக்கு முன்னோடியாக ஜெனீவாவில் இருந்த நாடுகளின் அமைப்பில், மனு போட்டன. ஹேக் நகரில் இருந்த சர்வதேச நீதிமன்றத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஹங்கேரி யூத சமூகத்தின் அதிகாரபூர்வத் தலைவர்கள் இந்த உதவியை ஏற்கவில்லை. தங்கள் நாட்டைச் சிதைத்த ஒப்பந்தத்தை ஆதாரமாக வைத்துத் தங்களுக்கு உரிமை கேட்க மாட்டோம், சொந்த நாட்டு அரசிடமே கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். தாங்கள் முதலில் ஹங்கேரியர் என்பதை அவர்கள் அவ்வளவு உறுதியாக நம்பினார்கள். அவர்களைத் தனி இனம் என்று எழுதிவைத்த அரசு அந்த மறுப்பை ஜெனீவாவில் தனக்குச் சாதகமாகவே பயன்படுத்திக்கொண்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

1925 டிசம்பரில் கிளெபெல்ஸ்பெர்க் நேரில் ஜெனீவா போனார். ஹங்கேரி முந்தைய ஆண்டுதான் சர்வதேச சங்கத்தின் ஏற்பாட்டில் பெருங்கடன் பெற்றிருந்தது, அதனால் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நேரம். அவர் அங்கே யூதர்களைப் பழிக்கவில்லை. இது டிரியனான் உண்டாக்கிய நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடு, பழைய எல்லைகள் திரும்பிவந்தால் சட்டத்துக்குத் தேவை இருக்காது என்ற போக்கில் வாதாடினார். சங்கத்தின் கவுன்சில், சட்டம் தற்காலிகமானது, நிலைமை மாறியதும் திருத்தப்படும் என்ற வாக்குறுதியைக் குறித்துக்கொண்டு விஷயத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் விட்டது. புத்திசாலித்தனமான வாதம்தான். ஆனால் எல்லை போனதற்கும் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணையோ பையனையோ திருப்பி அனுப்புவதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. நாட்டின் துயரத்துக்கு அந்தப் பிள்ளை பிணையாக நிறுத்தப்பட்டது.

மனுக்கள் ஓயவில்லை. ஹேக் வரை போனால் தோற்போம் என்ற அச்சமும் இருந்தது. பிரதமர் இஷ்த்வான் பெத்லனும் கிளெபெல்ஸ்பெர்கும் சேர்ந்து 1928ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இன விகிதப் பிரிவு நீங்கியது. அதற்குப் பதில் தந்தையின் தொழில் வந்தது. போரில் தந்தையை இழந்தவர்கள், போர்முனையில் நின்றவர்களின் பிள்ளைகள், அரசு ஊழியர் பிள்ளைகள் ஆகியோருக்கு முன்னுரிமை. அப்புறம் உழவு, தொழில், வணிகம் என்று வெவ்வேறு பிரிவினருக்குப் பொருத்தமான பங்கு. அரசு வேலையில் யூதர்கள் மிகக் குறைவு. நிலத்தில் அதைவிடக் குறைவு. வணிகர், மருத்துவர், வழக்கறிஞர் பிள்ளைகள் என்று எந்த வரிசை நீண்டிருந்ததோ அதில்தான் அவர்கள் நின்றார்கள். ஆகவே யூத மாணவர்களின் பங்கு சிறிதளவே ஏறி, 1930களில் மறுபடி இறங்கியது. அந்தச் சிறு தளர்வைக்கூடப் பொறுக்காமல் வலதுசாரி மாணவர்கள் கலவரம் செய்தார்கள்.

நான் இந்த 1928 திருத்தத்தை முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் சட்டம் கோபத்தில் எழுதியது, ஓட்டைகள் நிறைந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். இரண்டாவதில் பிடிக்க எதுவும் இல்லை. எந்த இனமும் இல்லை, எந்தச் சமயமும் இல்லை, தொழில் மட்டும்தான். இன்று எந்த நாட்டிலாவது ஒரு சேர்க்கை விதி பாகுபாடானதா என்று பார்க்க வேண்டுமானால், சொற்களைத் தேடிப் பயனில்லை. யார் வெளியே நிற்கிறார்கள், விதி மாறிய பிறகும் அதே ஆட்கள்தான் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

சரி, பள்ளிகள்? அதுவும் உண்மைதான். கிளெபெல்ஸ்பெர்க் காலத்தில் வகுப்பறைகளும் ஆசிரியர் வீடுகளுமாக ஏறத்தாழ 5,000 கட்டப்பட்டன, அதிலும் பள்ளியே பார்த்திராத சமவெளிப் பண்ணைக் குடியிருப்புகளில். வியன்னா, பெர்லின், ரோம் நகரங்களில் ஹங்கேரிய மாணவர் இல்லங்களை நிறுவினார். வெளிநாட்டில் இருந்த ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியை செகெட்டுக்கு அழைத்து வந்தவர் அவரே. 1937இல் சென்ட்-ஜார்ஜி நோபல் பரிசு பெற்றார். இன்று ஹங்கேரியில் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் மத்திய அமைப்புக்கு கிளெபெல்ஸ்பெர்க் பெயர்தான்.

இந்த நன்மையையும் அந்தத் தீமையையும் தராசில் வைத்துக் கழித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டும் ஒரே திட்டத்தின் பகுதிகள். ஆயுதம் போன நாடு கல்வியால் அண்டை நாடுகளைவிட உயர்ந்து நிற்க வேண்டும், அதற்குக் கிறித்தவ, தேசியவாத நடுத்தர வர்க்கம் ஒன்று பலப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. பள்ளிகள் அந்த வர்க்கத்தை வளர்க்க. சேர்க்கை வரம்பு அந்த வர்க்கத்துக்கு இடம் ஒதுக்க. தனிப்பட்ட முறையில் அவர் யூதர்களை வெறுத்தாரா என்று அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை, அது தேவையும் இல்லை. ஒன்பது ஆண்டுகள் கையெழுத்து அவருடையது.

கடைசியாக ஹோமன். வரலாற்றாசிரியர், தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர், நல்ல அறிஞர் என்று பெயர் எடுத்தவர். 1932 முதல் 1938 வரையும், 1939 முதல் 1942 வரையும் அமைச்சர். யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் அடுக்கடுக்காக வந்த காலம் அது. 1939இல் வந்த இரண்டாவது யூதச் சட்டம் பல்கலைக்கழகங்களில் 6 விழுக்காட்டு வரம்பை மீண்டும் கொண்டுவந்தது, இம்முறை யூதர் என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லியே. அப்போது பிரதமர், 1920இல் பிரதமராக இருந்த அதே டெலெகி. 1944 மே முதல் ஜூலை வரை ஏறத்தாழ 4,37,000 பேர் ஹங்கேரியிலிருந்து நாடுகடத்தப்பட்டார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் நாஜிக் கொலைமுகாமுக்கு. 1920இன் சட்டம் நேராக அங்கே கொண்டுபோய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு உட்படப் பல திருப்பங்கள் உண்டு. ஆனால் குடிமக்களில் ஒரு பகுதியினரை அரசு தனியாக எண்ணலாம் என்ற வழக்கம் 1920இலிருந்தே பழகிப்போயிருந்தது.

1944 அக்டோபரில் ஹங்கேரிய நாஜிகளான அம்புச்சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகும் ஹோமன் நாடாளுமன்றத்தில் நீடித்தார். சோவியத் யூனியன் மீது போர் அறிவித்த அமைச்சரவையில் இருந்ததற்காக 1946இல் மக்கள் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 1951இல் வாட்ஸ் சிறையில் இறந்தார். 2015 மார்ச்சில் புடாபெஸ்ட் நீதிமன்றம் ஒன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதைக் காட்டித்தான் அவர் நிரபராதி என்கிறார்கள். ரத்தானது போர் அறிவிப்பு பற்றிய குற்றச்சாட்டு. யூதச் சட்டங்களில் அவருடைய பங்கைப் பற்றி 1946 தீர்ப்பும் பேசவில்லை, 2015 தீர்ப்பும் விடுவிக்கவில்லை.

அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சேகெஷ்ஃபெஹெர்வார் நகரில் ஓர் அறக்கட்டளை அவருக்கு முழு உருவச் சிலை வைக்க ஏற்பாடு செய்தது. அரசும் நிதி ஒதுக்கியிருந்தது. 2015 டிசம்பரில் சிலை வரவிருந்த இடத்தில் ஹங்கேரிய யூதர்களும் மற்றவர்களும் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அமெரிக்கத் தூதரும் வந்து நின்றார், நகர நிர்வாகம் பின்வாங்கியது, சிலை வைக்கப்படவில்லை. கிளெபெல்ஸ்பெர்க்குக்கு ஹங்கேரியில் பல சிலைகள் உண்டு. நீங்கள் அங்கே போனால் பார்க்கலாம்.